புளியமரத்தடி என்று சொன்னேன்

வீடு வீடாகப் போய் மனிதர்களின் பேச்சைச் சேகரிக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வேலையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். பிறகு தோல் பை தைக்கிற பட்டறையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இருந்த தகுதி இரண்டுதான். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வாய் மூடாது. "இவளை ஒரு கல்லுப் பக்கத்துல உக்கார வச்சாக்கூட, அரை மணி நேரத்துல அந்தக் கல்லோட மாமியா பேரைக் கேட்டுச் சொல்லிருவா" என்று பட்டறையில் கேலி செய்வார்கள்.

அந்த வாயை வைத்துக்கொண்டுதான் முப்பது வருஷம் ஓட்டினேன். இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். இயந்திரத்தை எப்படிப் பிடிப்பது, கேள்வியை எப்படி அடுக்குவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது வேறு. இந்த வேலையில் நான் ஒரே ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைப் பற்றித்தான்.

எண்பதுகளின் நடுவில் அது நடந்தது. திருநெல்வேலிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தாராவியில் ஒரு சங்கம் இருந்தது. சங்கம் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. இங்கே பிறந்த பிள்ளைகளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் "நைன்டி ஃபீட் ரோடு" என்று தாராவித் தெருவின் பேரைச் சொல்ல ஆரம்பித்திருந்த காலம். ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். ஊர் எப்படி உண்டானது, யார் யார் எங்கே குடியிருந்தார்கள், எந்தக் குடும்பம் எப்போது பம்பாய்க்கு வண்டி ஏறியது, எல்லாம் அதில் வர வேண்டும். எழுதுவதற்கு என்னைப் பிடித்தார்கள். ஒரு டேப்ரெக்கார்டரும் வாங்கித் தந்தார்கள். அன்றிலிருந்து என் பேர் போய்விட்டது. எல்லோருக்கும் நான் 'டேப்புக்காரி'.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் மீதி புரியும். இப்போது இருப்பது புது ஊர். அதற்கு இரண்டு மைல் மேற்கே பழைய ஊர் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் பழைய ஊரை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் புது ஊருக்கு வந்துவிட்டார்கள். ஏன் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "கெணத்துத் தண்ணி உப்பாப் போச்சு. ஊரே ஒரே நாள்ல எழும்பி வந்துட்டு." புத்தகத்தின் முதல் அத்தியாயம் அதுதான் என்று சங்கத்துச் செயலாளர் அண்ணாச்சி முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருந்தார்.

பழைய ஊரின் வரைபடம் ஒன்று போட வேண்டும் என்பது என் யோசனை. பழுப்புக் காகிதத்தைத் துண்டு துண்டாக ஒட்டிச் சங்க அறையின் தரை முழுக்க விரித்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கல்யாணிலிருந்துகூட லோக்கல் ரயில் பிடித்து ஆட்கள் வருவார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் காகிதத்தின் மேல் நடந்து, தங்கள் வீடு எங்கே இருந்தது என்று குந்தி உட்கார்ந்து காட்டுவார்கள். நான் பென்சிலால் கட்டம் போடுவேன். அன்றைக்குக் கேட்கிற பேச்சு இருக்கிறதே!

"வே, காலை எடும். எங்க அடுப்பங்கரைக்குள்ள நிக்கீரு."

"உங்க அடுப்பங்கரையில என்னைக்கு அடுப்பு எரிஞ்சுது, நான் மிதிச்சு அணையதுக்கு?"

இப்படிச் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டே ஓர் ஊரைத் தரையில் எழுப்பினோம். இன்னொரு வழக்கமும் வைத்திருந்தோம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் எழுதியதை வாரா வாரம் நான் உரக்கப் படிப்பேன். கேட்டவர்கள் தலையாட்டினால்தான் அது புத்தகத்துக்குப் போகும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் சுடலைமுத்து மாமா. முறுக்குப் பட்டறையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நாற்பது வருஷம் நின்றவர். அறுபது வயது இருக்கும். தன் வீட்டைக் காட்டிவிட்டு எல்லோரையும் போல எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"தாயி, ஒரு காரியம் கேக்கணும். எங்கக்கா ஒருத்தி இருந்தா. செல்லக்கனி. ஊர் மாறுதப்ப அவளுக்குப் பதினோரு வயசு, எனக்கு ஆறு. அதுக்கு மொத நாளுதான் காய்ச்சல்ல செத்துப்போனான்னு அம்மா சொல்லுவா. எங்க பொதைச்சாவன்னு மட்டும் சொன்னதில்ல. கேட்டா எழும்பிப் போயிருவா. நீ நாலு பேர்கிட்ட பேசுதியே, யாருக்காவது தெரியுமான்னு கேளு. அடுத்த மாசம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போறேன். மூச்சு வாங்குது, இதுக்கு மேல எங்க போகப்போறேன். அவ தலைமாட்டுல ஒரு கல்லு நட்டுட்டு வரணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு கல், அதை நட ஓர் இடம்.

நான் கேட்டுக்கொண்டே போனேன். பெரியவர்கள் எல்லோரும் "காய்ச்சல்தாம்ளா, அந்தக் காலத்துல யாரு பாத்தா" என்று பேச்சை மாற்றினார்கள். கடைசியில் செம்பூரில் மகள் வீட்டில் இருந்த பேச்சியம்மாளிடம் போனேன். அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அம்மைத் தழும்பு. எழுபது நெருங்கியும் கை எந்திரம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. செல்லக்கனி என்ற பேரைச் சொன்னதும் அந்தக் கை நின்றது. டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"கெணறும் உப்பாகல, ஒண்ணும் உப்பாகல" என்றார். "வைசூரி வந்துச்சு, பெரிய அம்மை. நாலு வீட்டுல விழுந்துட்டு. மத்தவங்க எல்லாம் ஊரை விட்டுப் போறதுன்னு பேசி முடிச்சாவ. முத்துப் போட்ட ஆளு புது ஊருக்கு வரப்படாது. அவங்களோட தங்குத ஆளும் பெறவு வரப்படாது. மூணு பேரு அதுக்குள்ள செத்துப்போயிட்டாவ. மிச்சம் செல்லக்கனி. அவ அம்மா என்ன செய்வா? இடுப்புல ஒரு கைப்பிள்ள, பக்கத்துல சுடலை. ஒரு பானை தண்ணியும், கஞ்சியும், வேப்பங்கொழையும் வச்சுட்டு வந்துட்டா."

"உயிரோடயா பெரியம்மா?"

"உயிரோடதான். எனக்கு வைசூரி முன்னாலேயே வந்து போயிருந்துச்சு. திரும்ப வராதுல்லா, அதனால நாலாம் நாளு எங்கம்மா என்னைப் போகச் சொன்னா, அம்மிக்கொழவிய மறந்துட்டு வந்துட்டோம், எடுத்துட்டு வான்னு. போனேன். அவ வாசப்படியில உக்காந்திருந்தா. 'ஏட்டி பேச்சி, எங்கம்மா எப்ப வருவா'ன்னு கேட்டா. 'அந்தியில வந்துருவா'ன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன். கொழவிய எடுக்கல. அதுக்கு அடி வாங்குனேன். பத்து நாள் கழிச்சு ஆம்பளைங்க போயி கூரையெல்லாம் கொளுத்திட்டு வந்தாவ. அதுக்குள்ள அவ என்ன ஆனாங்கிறத யாரும் சொல்லல. நானும் கேக்கல."

டேப்பை நிறுத்தினேன். அவர் மறுபடி அப்பளக் குழவியைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சுடலை கேட்டாம்னா சொல்லிரு. நானாப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது."

மூன்று நாள் அந்தக் கேஸட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். முறுக்குப் பட்டறை வாசல் வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் ஆள் நடமாட்டத்தைச் சாக்கு வைத்துத் திரும்பிவிட்டேன். நாலாம் நாள் அவருக்கு வண்டி. தாதர் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. வண்டி கிளம்பப் போகிறது.

"என்னளா, ஏதாவது தெரிஞ்சுதா?"

எதிரே ஒரு குடும்பம் உட்கார்ந்து சப்பாத்திப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தது. இவருக்கோ நெஞ்சு இழுக்கிறது. இரண்டு நாள் பயணம், தனியாள். இதை இப்போது எப்படிச் சொல்வது? என் வாய் எந்நேரமும் எனக்கு முன்னால் ஓடுகிற வாய். வரைபடத்தில் நானே வரைந்த ஒரு மரம் ஞாபகத்துக்கு வந்தது.

"தெரிஞ்சுது மாமா. கெணத்துக்கு மேக்கால புளியமரம் இருக்குல்லா, அதுக்கு அடியில."

அவர் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. "புளியமரம் எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு" என்றார். "அதுல ஊஞ்சல் ஆடுவோம்." வண்டி நகர்ந்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு மாட்டுங்காவில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் பன்னிரண்டு வயதில் பயந்துபோய்ச் சொன்ன அதே மாதிரிப் பொய்யை, முப்பது வயதில் நானும் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா திரும்பி வந்தார். கல் நட்டாயிற்று, பொங்கலிட்டாயிற்று. ஒரு சின்னத் தூக்குச் சட்டியில் புளியமரத்தடி மண்ணைக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்கச் சொன்னார். நானும் குறித்தேன். பொய்க்குப் பென்சில் கோடும் போட்டாயிற்று.

அச்சுக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு, எல்லோரும் வந்து ஒருதரம் பார்த்துவிடட்டும் என்று செயலாளர் அண்ணாச்சி ஊரையே கூப்பிட்டிருந்தார். அறைக்குள் மூச்சு விட இடமில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மாளும் வந்தார். காகிதத்தின் மேல் மெல்ல நடந்து வந்தவர், புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"இது என்னது, சின்னதா வளையம்?"

சுடலைமுத்து மாமா பெருமையாகச் சொன்னார். "நம்ம செல்லக்கனிக்கா. கல்லு நட்டுட்டு வந்துட்டேன்."

"இங்கயா? யாரு சொன்னா?"

மாமா என்னைக் காட்டினார். பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நீ அவங்கிட்ட சொல்லலியா?" என்று மட்டும் கேட்டார்.

செயலாளர் அண்ணாச்சி, "சரி சரி, அது அப்புறம் பேசிக்கிடலாம், காபி வந்துட்டு" என்றார். யாரும் நகரவில்லை. மாமா பேச்சியம்மாளைப் பார்த்தபடியே இருந்தார். பேச்சியம்மாள் சொன்னார். அத்தனை பேர் முன்னாலும், நின்றபடியே, என்னிடம் சொன்னதையெல்லாம் சொன்னார்.

"அவ என்னக்கா கேட்டா?"

"எங்கம்மா எப்ப வருவான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"அந்தியில வந்துருவான்னு சொன்னேன்டா."

மாமா தலையை ஆட்டிக்கொண்டார், ஏதோ கணக்குச் சரியாக வந்த மாதிரி. "எங்கம்மா சாகுற மட்டும் கதவுக்குத் தாப்பாள் போட மாட்டா" என்றார். "கள்ளன் வந்துருவாம்னு அப்பா ஏசுவாரு. அப்பவும் போட மாட்டா." பிறகு என்னிடம் திரும்பினார். "அப்ப நான் கொண்டாந்த மண்ணு?"



மறுநாள் முறுக்குப் பட்டறைக்குப் போனேன். மாமா சட்டி முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து அழுதேன். அவர் முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசினார்.

"என் மனசு நோகப்படாதுன்னுதான் சொன்ன. அது எனக்குத் தெரியும்ளா. அழாத. ஆனா ஒண்ணு சொல்லுதேன். நான் புளியமரத்துக்கிட்டயே மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். எங்க வீட்டு அஸ்திவாரக் கல்லு நூறடி தள்ளிக் கெடந்துச்சு. அவ உக்காந்திருந்த அந்தப் படிக்கல்லு. அக்காவ இங்கன கண்டுபிடிச்சாச்சேன்னு அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கல."

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதைத்தான். உண்மையைத் தாங்கமாட்டார் என்று நானாக முடிவுகட்டினேன். தாங்குகிற வேலை அவருடையது, எனக்கு அதில் பங்கே இல்லை. அவர் அக்கா கடைசியாக உட்கார்ந்திருந்த கல்லுக்கு நூறடி தூரத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, வேறு பக்கம் பார்க்க வைத்து அனுப்பிவிட்டேன். மூச்சு இழுப்பு அதிகமாகி அவர் அதற்குப் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. மன்னிப்புக் கேட்கலாம், அவரும் மன்னிக்கலாம். அந்தப் பயணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

முதல் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். கிணற்றை எடுத்துவிட்டு வைசூரியை எழுதினேன். செல்லக்கனியை எழுதினேன். செயலாளர் அண்ணாச்சி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, நீ எழுதுனது பொய்னு நான் சொல்லல. எனக்கும் ரெண்டு மக இருக்கு. பெத்த பிள்ளைய விட்டுட்டு வந்த ஊருன்னு புஸ்தகத்துல போட்டா, நாளைக்கு எவன் நம்ம வாசல்ல பொண்ணு கேட்டு வருவான்?"

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை அத்தனை பேரும் கேட்டாங்களே. யாரும் இல்லைன்னு சொல்லலியே."

"கேட்டது நம்ம ரூமுக்குள்ள. புஸ்தகம் ரூமுக்குள்ள கெடக்குமா?"

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தான் தோள் கொடுத்துத் தூக்கினால்தான் சங்கம் நடக்கும் என்று இருந்த மனிதர். அவருக்கும் ஒரு பயம். நான் சண்டை போட்டேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அச்சகத்துக்குப் போய் ஒருதரம் நேரில் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. வெளியீட்டு விழாவில் புத்தகத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. கிணறு மறுபடியும் உப்பாகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சாப்பாட்டு வேளையில், சுடலைமுத்து மாமா நாங்கள் குடியிருந்த மாடி வரிசை வீட்டுக்கு, எங்கள் சாலுக்கு, வந்தார். படி ஏறி வந்த இளைப்பு அடங்க வெகு நேரம் ஆனது. தண்ணீர் குடித்தார். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மொத பாடத்தை வாசிளா. அவ வாராளான்னு பாப்போம்."

அவருக்கு எழுத்துத் தெரியாது. அது எனக்குத் தெரியும். நான் எழுதிய பக்கம் எனக்கு மனப்பாடம். புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை இருப்பது போல் வாசித்திருக்கலாம். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பார். வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லப்போவதும் இல்லை.

இருந்ததை வாசித்தேன். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போனது, ஊர் முழுவதும் ஒரே நாளில் எழும்பி வந்தது, ஒருவரும் அங்கே தங்கவில்லை, அதுவரைக்கும் வாசித்தேன்.

"அவ பேரு?"

"இல்ல மாமா. போடல."

"எங்கயும் இல்லியா?"

"எங்கயும் இல்ல."

மாமா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"ஒருத்தரும் தங்கலன்னு போட்டிருக்கான். அவ தங்குனால்லா. நாலு நாளோ, பத்து நாளோ. எல்லாரும் போன பெறவு பழைய ஊருன்னா அவ ஒருத்திதான." மெதுவாகத்தான் சொன்னார். பிறகு கேட்டார்: "பேனா வச்சிருக்கியா?"

என் மைப்பேனாவை எடுத்தேன். பக்கத்தின் அடியில் கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னேன்: "செல்லக்கனி மட்டும் அங்கே இருந்தாள். அவளுக்குப் பதினோரு வயது."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இதுல எதுளா அவ பேரு?"

காட்டினேன். காயட்டும் என்று நான் சொல்வதற்குள் குனிந்து விரலை வைத்துவிட்டார். நாற்பது வருஷம் எண்ணெய் பட்டுக் காய்த்துப்போன விரல். ஈரம் அதற்குத் தெரியவில்லை. அவர் எடுத்தபோது பேர் முழுக்கக் கலைந்து நீலமாக ஒரு தீற்றலாய் நின்றது.

"ஐயோ மாமா, அழிஞ்சுட்டு. இருங்க, மேல திரும்ப எழுதுதேன்."

"வேண்டாம், வேண்டாம்" என்று புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஊதி ஊதிக் காயவைத்தார். அவருக்கு இருந்த மூச்சுக்கு அது பெரிய வேலை. அந்த நீலத் தீற்றலைப் பக்கத்தின் மற்ற எழுத்துகளோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இது இப்படியே கெடக்கட்டும்ளா. இனிமே அவ எங்க இருக்கான்னு நான் ஒருத்தர்கிட்டயும் கேக்க வேண்டாம்."